மாநிலம் மாறும் காப்புறுதி முகவர்



ஆசிரியத் தொழிலில் நெடுங்காலம் கழித்த எனக்கு இடமாற்றம் என்பது புதிய சொல்லன்று. திணைக்களத்திலிருந்து கடிதம் வரும். பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு புறப்படுவேன். புதிய ஊரில் வீடு தேட வேண்டும். பிள்ளைகளுக்குப் பாடசாலை பார்க்க வேண்டும். அவ்வூர்த் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். ஆயினும் ஒன்றைப் பற்றி மட்டும் நான் ஒருநாளும் கவலை கொண்டதில்லை. “இந்த மாவட்டத்தில் நீர் ஆசிரியர் அல்லர், மீண்டும் பரீட்சை எழுதித் தேறிய பின் வாரும்” என்று எவரும் என்னைத் திருப்பி அனுப்பியதில்லை. தீவின் ஒரு முனையிற் பெற்ற சான்றிதழ் மறுமுனையிலும் செல்லுபடியாகும் என்பது நமக்கு இயல்பான செய்தி.

ஒரே நாட்டிற்குள்ளேயே, ஓர் எல்லையைக் கடந்தவுடன் ஒருவனுடைய தொழிலுரிமை நின்றுவிடும் நிலையும் உலகில் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் காப்புறுதி முகவராகத் தொழில் புரிவோரின் நிலை அத்தகையது. அந்நாட்டில் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குக் குடிபெயரும் முகவர் தம் அனுமதிப்பத்திரத்தை எவ்வாறு மாற்றிக்கொள்கிறார் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இப்பொருளை என் நினைவுக்குக் கொண்டுவந்தது ஒரு கடிதம். என்னிடம் கல்வி பயின்ற ஒருவர் அந்நாட்டின் கிழக்குக் கரையோர மாநிலமொன்றிற் பதினொரு ஆண்டுகள் காப்புறுதி முகவராக இருந்தார். மனைவியாருக்குத் தெற்கேயுள்ள வேறொரு மாநிலத்தில் வேலை கிடைக்கவே, குடும்பத்தோடு அங்கே செல்ல முடிவு செய்தார். சிறுவயது முதலே ஒழுங்கு தவறாதவர் அவர். வாடகை வீட்டின் திறப்பை உரியவரிடம் ஒப்படைப்பது போல, பழைய மாநிலத்து அனுமதிப்பத்திரத்தையும் முறைப்படி இரத்துச் செய்துகொண்டு புறப்பட்டார். புதிய ஊரில் வீடு வாங்குவதிலும் பிள்ளைகளைப் பாடசாலையிற் சேர்ப்பதிலும் நான்கு மாதங்கள் கழிந்தன. அதன் பின்னரே புதிய மாநிலத்தில் விண்ணப்பித்தார். “காலம் கடந்துவிட்டது, வகுப்புக்குச் சென்று பரீட்சை எழுதித் தேறி வாரும்” என்று மறுமொழி வந்தது. நாற்பத்தேழாவது வயதில், தம் மகனையொத்த இளைஞர்களோடு அவர் பரீட்சை மண்டபத்தில் அமர நேர்ந்தது. “சேர், நான் சொல்லாமற் கொள்ளாமல் ஓடி வரவில்லை, முறையாக விடைபெற்று வந்தேன். அதுவே பிழையாய்ப் போயிற்று” என்று எழுதியிருந்தார்.

பிழை எங்கே நிகழ்ந்தது? அதனை அறிவதற்கு முன், காப்புறுதி அந்நாட்டில் ஏன் மாநிலங்களின் கையில் இருக்கிறது என்பதைச் சற்று அறிந்துகொள்ளுதல் நன்று.

காப்புறுதி என்பது ஒரு வாக்குறுதியை விலைக்கு விற்கும் தொழில். அரிசி வாங்குபவன் அதனைக் கையால் அளைந்து பார்த்து வாங்குகிறான். காப்புறுதி வாங்குபவனோ இன்று பணத்தைக் கட்டிவிட்டு, என்றோ வரப்போகும் தீயையும் நோயையும் சாவையும் எண்ணி ஒரு கடதாசியைப் பெற்றுச் செல்கிறான். அக்கடதாசி மெய்யா பொய்யா என்பது அவன் வீடு எரிந்த பிறகுதான் தெரியவரும். ஆதலால் இத்தொழிலை அரசு மேற்பார்வை செய்தல் இன்றியமையாதது. அமெரிக்காவில் அம்மேற்பார்வையை முதலில் ஏற்றவை மாநிலங்களே. 1851ஆம் ஆண்டில் நியூ ஹாம்ஷயர் மாநிலம் காப்புறுதிக்கென ஆணையாளரை நியமித்தது. பிற மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின.

இம்முறை சரியா என்ற வழக்கு அந்நாட்டின் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. அதற்குக் காரணமாயிருந்தவரும் ஒரு முகவரே என்பது கவனிக்கத்தக்கது. வெர்ஜீனியா மாநிலத்திற் சாமுவேல் போல் என்பவர் நியூ யோர்க் கம்பனிகள் சிலவற்றின் முகவராக இருந்தார். வெளிமாநிலக் கம்பனிகளுக்காகத் தொழில் புரிய வேண்டுமாயின், அக்கம்பனிகள் தன் திறைசேரியிற் பிணைமுறிகளை வைப்புச் செய்ய வேண்டுமென வெர்ஜீனியா 1866ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றியிருந்தது. வைப்புச் செய்யப்படவில்லை, அனுமதியும் கிடைக்கவில்லை, போலோ காப்புறுதிப் பத்திரத்தை விற்றார். 50 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. நாடு முழுவதற்கும் பொதுவான வணிகத்தில் ஒரு மாநிலம் எவ்வாறு தலையிடலாம் என்று அவர் வாதாடினார். 1869ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. காப்புறுதிப் பத்திரம் வழங்குவது வணிகப் பொருளை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்புவது போன்றதன்று. அஃது அவ்வவ்விடத்து ஒப்பந்தமே என்பது தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்பு 75 ஆண்டுகள் நிலைத்தது. 1944ஆம் ஆண்டில், தென்கிழக்கு மாநிலங்களில் ஏறத்தாழ 200 தீக்காப்புறுதிக் கம்பனிகளை உள்ளடக்கிய சங்கம் ஒன்றின் மீது தொடரப்பட்ட வழக்கில், உயர் நீதிமன்றம் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. காப்புறுதியும் மாநிலங்களுக்கிடையிலான வணிகமே. ஆகவே மத்திய அரசின் சட்டத்துக்கு அதுவும் உட்பட்டது என்று தீர்ப்புக் கூறியது. மாநிலங்கள் பதறின. மறு ஆண்டே, 1945இல், மக்கரன் பேர்குசன் சட்டம் எனப்படும் ஒன்றை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றி, காப்புறுதியை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை மாநிலங்களிடமே மீண்டும் ஒப்படைத்தது. இன்றைய நிலைக்கு அடித்தளம் அச்சட்டமே.

இதன் விளைவு யாது? 50 மாநிலங்கள், தலைநகராகிய வாஷிங்டன், ஐந்து ஆள்புலங்கள் ஆக 56 இடங்களில் 56 அதிகாரிகள். 56 வகைச் சட்டங்கள். பல மாநிலங்களில் விசித்திரமான விதிகளும் இருந்தன. வெளிமாநில முகவர் ஒருவர் தேடிக் கொண்டுவந்த பத்திரத்தில் உள்மாநில முகவர் ஒருவர் ஒப்பமிட்டாலன்றி அது செல்லாது என்பது அவற்றுள் ஒன்று. அங்ஙனம் ஒப்பமிட்டவருக்குத் தரகுப்பணத்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டியிருந்தது. விதைத்தவன் ஒருவன், அறுவடைக்கு வந்து நின்றவன் மற்றொருவன். இவ்விதிகள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் நீதிமன்றங்களில் ஒவ்வொன்றாக வீழ்ந்தன.

மாநில ஆணையாளர்கள் ஒன்றுகூடிப் பேசுவதற்கு ஒரு தேசிய சங்கம் 1871ஆம் ஆண்டு முதல் உண்டு. ஆயினும் ஒருமைப்பாடு மெல்லவே வந்தது. அதனை விரைவுபடுத்தியது 1999ஆம் ஆண்டு நவெம்பரில் நிறைவேறிய கிராம் லீச் பிளைலி சட்டமாகும். பெரும்பான்மையான இடங்கள், அதாவது 29 இடங்கள், மூன்று ஆண்டுகளுக்குள் முகவர் அனுமதி விதிகளை ஒரேவிதமாக ஆக்கவேண்டும். அல்லது ஒன்றன் அனுமதியை மற்றொன்று ஏற்கவேண்டும். தவறினால் நாடளாவிய புதிய அமைப்பொன்று உருவாகும் என அச்சட்டம் எச்சரித்தது. அதிகாரம் கைநழுவிவிடுமோ என்ற அச்சம் சில வேளைகளில் நல்ல ஆசானாக அமைகிறது. ஆணையாளர் சங்கம் 2000ஆம் ஆண்டில் மாதிரிச் சட்டமொன்றை வரைந்தது. பெரும்பாலான மாநிலங்கள் அதனைச் சிறு மாறுதல்களுடன் தமதாக்கிக்கொண்டன. 29 என்ற எல்லையும் உரிய காலத்திற்குள் தாண்டப்பட்டது.

இம்மாதிரிச் சட்டத்தில் முகவர், தரகர் என்ற வேறுபாடு இல்லை. இருவரையும் ‘புரொடியூசர்’ என்ற ஒரே சொல்லாற் குறிக்கிறார்கள். கம்பனிக்கு வணிகத்தைத் தேடிக் கொண்டுவருபவர் என்பது அதன் கருத்து. நாம் முகவர் என்ற சொல்லையே வைத்துக்கொள்வோம்.

இனி, நேயர்கள் முதலில் மனங்கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. அனுமதிப்பத்திரத்தை ‘மாற்றுதல்’ என்று நாம் சொன்னாலும், உண்மையில் அஃது ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு மாறுவதில்லை. பழைய மாநிலம் கொடுத்த பத்திரம் அந்த மாநிலத்துக்கே உரியது. புதிய மாநிலம் புதிய பத்திரமொன்றை வழங்குகிறது. முகவரோடு எல்லை கடந்து வருபவை இரண்டு மாத்திரமே. ஒன்று, அவருடைய தேசிய முகவர் எண். எந்த மாநிலத்துக்குச் சென்றாலும் அது மாறுவதில்லை. மற்றையது, அவர் இதுவரை எவ்வாறு நடந்துகொண்டார் என்ற பதிவு. அப்பதிவுகள் அனைத்தும் மாநிலங்களுக்குப் பொதுவான தரவுக் களஞ்சியத்தில் உள்ளன. முன்னாளிற் பழைய மாநிலம் கொடுக்கும் நற்சான்றுக் கடிதத்தை முகவரே பெற்றுக்கொண்டு போகவேண்டியிருந்தது. இப்பொழுது பெரும்பாலும் புதிய மாநிலத்து அதிகாரியே கணினியிற் பார்த்து அறிந்துகொள்கிறார்.

இரண்டாவதாக, அனுமதிப்பத்திரம் இருவகைப்படும். முகவர் குடியிருக்கும் அல்லது தம் தலைமை அலுவலகத்தை வைத்திருக்கும் மாநிலம் அவருடைய தாய் மாநிலம். அங்கே பெறுவது வதிவோர் பத்திரம். பிற மாநிலங்களிலும் விற்க விரும்பினால், அவை ஒவ்வொன்றிலும் வதியாதோர் பத்திரம் பெறலாம். அதற்குத் தனிப் பரீட்சை வேண்டியதில்லை. தாய் மாநிலத்துப் பத்திரம் குறையின்றி நடைமுறையில் இருந்து, உரிய விண்ணப்பமும் கட்டணமும் செலுத்தப்பட்டால் போதும். வதிவோர் பத்திரத்தை ஒரு மரத்தின் அடிமரம் என்றும், வதியாதோர் பத்திரங்களை அதன் கிளைகள் என்றும் கொள்ளலாம். கிளைகள் எத்தனை பரந்தாலும் அவை அடிமரத்தையே நம்பி நிற்கின்றன. அடிமரத்தை வெட்டிவிட்டுக் கிளையில் நிழல் தேட இயலாது.

என் மாணவர் செய்த பிழை இதுவே. தாய் மாநிலத்துப் பத்திரத்தை அவர் முதலிலேயே இரத்துச் செய்துவிட்டார். அவருக்கு அயலிலுள்ள மூன்று மாநிலங்களிலும் வதியாதோர் பத்திரங்கள் இருந்தன. அடிமரம் வீழ்ந்ததும் அவையும் வீழ்ந்தன.

அவ்வாறாயின் முறையான வழி யாது? மாதிரிச் சட்டம் இரண்டு காலவரையறைகளைக் கூறுகிறது. இவற்றை மறவாதிருத்தல் வேண்டும். முதலாவது 30 நாட்கள். குடியிருப்பு மாறிய 30 நாட்களுக்குள், முகவர் தாம் பத்திரம் பெற்றிருந்த மாநிலங்களுக்குப் புதிய முகவரியை அறிவித்து, புதிய தாய் மாநிலத்தின் சான்றையும் காட்ட வேண்டும். இதற்குக் கட்டணமோ புதிய விண்ணப்பமோ தேவையில்லை. இரண்டாவது 90 நாட்கள். புதிய மாநிலத்திற் சட்டப்படி குடியேறிய 90 நாட்களுக்குள் அங்கே வதிவோர் பத்திரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்ஙனம் விண்ணப்பித்தால், முன்பு எந்தெந்தப் பிரிவுகளில் அனுமதி பெற்றிருந்தாரோ அந்தந்தப் பிரிவுகளுக்கு முன்பயிற்சியும் பரீட்சையும் விலக்கப்படும். பழைய பத்திரம் ஏற்கெனவே இரத்தாகியிருந்தால், இரத்தான நாளிலிருந்து 90 நாட்களுக்குள் விண்ணப்பம் சென்று சேரவேண்டும். இரத்தாகும்போது அது குறையற்ற நிலையில் இருந்திருக்கவும் வேண்டும்.

பிரிவுகள் என்றேன். ஆயுள், விபத்தும் சுகாதாரமும், சொத்து, பிறர்க்கு நேரும் தீங்குக்கான பொறுப்பு என்பன அவற்றுள் முக்கியமானவை. ஆயுட் காப்புறுதி மட்டும் விற்று வந்தவர் புதிய மாநிலத்தில் வீட்டுக்குத் தீக்காப்புறுதியும் விற்க விரும்பினால், அதற்குரிய பரீட்சையை எழுதவே வேண்டும். விலக்கு என்பது உள்ளதைக் காக்கும், இல்லாததைத் தராது. மேலும் மாதிரிச் சட்டத்திலிருந்து சிறிது விலகிய விதிகளையுடைய மாநிலங்களும் உண்டு. ஆதலால் செல்லும் மாநிலத்தின் விதியை முன்கூட்டியே பார்த்தறிதல் கடமையாகும்.

முகவர் ஒருவர் செய்யவேண்டியவற்றை ஒழுங்குபடுத்திச் சொல்லுகிறேன். புறப்படுவதற்கு முன், பழைய பத்திரம் நடைமுறையில் உள்ளதா, தொடர்கல்வி நிறைவெய்தியுள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பல மாநிலங்களில் இரண்டு ஆண்டுகளுக்கு 24 மணி நேரக் கல்வி விதிக்கப்பட்டுள்ளது. அதில் 3 மணி நேரம் தொழில் ஒழுக்கத்துக்குரியது. இனிமேல் இக்கல்வியைப் புதிய தாய் மாநிலத்தின் விதிப்படி தொடர வேண்டியிருக்கும். குடியேறியவுடன், தேசிய முகவர் பதிவகத்தின் இணையவழியாகவோ மாநிலத் திணைக்களத்தின் வழியாகவோ விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் முன்னைய குற்றத் தீர்ப்புகள், ஒழுக்காற்று நடவடிக்கைகள் பற்றிய வினாக்கள் வரும். அவற்றுக்கு உள்ளது உள்ளவாறே விடை எழுத வேண்டும். உண்மைக்கு மாறான விடையே விண்ணப்பத்தை மறுக்கப் போதிய காரணமாகும். பழைய சிறு குற்றம் மன்னிக்கப்படலாம். இன்றைய பொய் மன்னிக்கப்படுவது அரிது. பல மாநிலங்கள் வதிவோரிடம் கைவிரல் அடையாளமும் கேட்கின்றன.

புதிய வதிவோர் பத்திரம் கிடைத்த பின்னரே பழைய மாநிலத்தின் அலுவலை முடிக்க வேண்டும். அங்கே பழைய வாடிக்கையாளர்களுக்குத் தொடர்ந்து பணிபுரிய எண்ணினால், பழைய வதிவோர் பத்திரத்தை வதியாதோர் பத்திரமாக மாற்றிக்கொள்ளலாம். எண்ணமில்லையாயின் அதனைக் கைவிடலாம். புதிய மாநிலத்தில் முன்பே வதியாதோர் பத்திரம் வைத்திருந்தவரும் அதனை வதிவோர் பத்திரமாக மாற்றியாக வேண்டும். எதிர்க்கரை தட்டுப்படுமுன் தோணியைக் கைவிடலாகாது என்ற எளிய அறிவே இதில் அடங்கியுள்ளது.

பத்திரம் கைக்கு வந்துவிட்டது, இனி விற்கலாமா? இன்னும் ஒரு படி உண்டு. பல மாநிலங்களில், ஒரு கம்பனியின் முகவராக இயங்குபவரை அக்கம்பனி தன் முகவர் என்று மாநிலத்துக்கு அறிவிக்க வேண்டும். மாதிரிச் சட்டப்படி, ஒப்பந்தம் செய்த அல்லது முதல் விண்ணப்பம் வந்த 15 நாட்களுக்குள் அந்த அறிவித்தல் செய்யப்பட வேண்டும். பழைய மாநிலத்தில் நியமனம் செய்த கம்பனி புதிய மாநிலத்தில் வணிகமே செய்யாதிருக்கவும் கூடும். ஆகவே கம்பனியோடும் முன்னதாகப் பேசிக்கொள்ளுதல் நலம். பங்குச் சந்தையோடு பிணைந்த ஆயுட் காப்புறுதியை விற்பவர்களுக்குப் பிணையங்கள் தொடர்பான தனிப் பதிவும் உண்டு. அதனையும் புதிய மாநிலத்துக்கு நீட்டிக்க வேண்டும்.

இடைப்பட்ட நாட்களில் அனுமதியின்றி ஒரு பத்திரத்தையேனும் விற்றல் ஆகாது. நண்பருக்கு உதவுவதாக எண்ணிச் செய்தாலும் அது சட்டமீறலே. ஆயினும் ஓர் ஆறுதல் உண்டு. முன்பு முறையான அனுமதியோடு விற்ற பத்திரங்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும்போது வரும் தரகுப்பணத்தைப் பெற மாதிரிச் சட்டம் இடமளிக்கிறது. விற்ற நாளில் அனுமதி இருந்ததா என்பதே கேள்வி. என் மாணவரின் வீட்டில் அந்த மாதங்களில் அடுப்பெரிந்தது இப்பணத்தாலும் மனைவியாரின் சம்பளத்தாலுமே.

இத்தனை தொல்லையும் ஏன், நாடு முழுவதற்கும் ஒரே பத்திரம் கொடுத்தால் என்ன என்று நேயர்கள் கேட்கக்கூடும். அந்நாட்டிலும் பலர் இதனைக் கேட்டிருக்கிறார்கள். 2015ஆம் ஆண்டு ஜனவரியில் இயற்றப்பட்ட சட்டமொன்று, வெளிமாநிலங்களில் விற்க விரும்பும் முகவர்கள் ஒரே வாயிலில் அனுமதி பெறத் தேசிய சங்கமொன்றை அமைக்க வழிசெய்தது. அதன் ஆட்சிக்குழுவில் 13 பேரை ஜனாதிபதி நியமிக்க வேண்டும். சட்டம் பிறந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்நியமனம் நிகழாமலே கிடந்தது. அச்சங்கம் முழுமையாக இயங்கினாலும், தாய் மாநிலத்தில் வதிவோர் பத்திரம் பெறும் கடமை நீங்காது.

மறுபக்கத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு விதவையின் தவணைப்பணத்தைக் கம்பனிக்குச் செலுத்தாமல் தானே விழுங்கிய முகவன் ஒருவன், எல்லையைக் கடந்து அடுத்த மாநிலத்திற் புதிய பெயர்ப்பலகை மாட்டிக்கொள்வானாயின், அங்குள்ள விதவைக்கு யார் துணை? முகவரை அறிந்த ஓர் அதிகாரி அருகில் இருக்க வேண்டும். முறையிடச் செல்பவருக்கு ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். அந்தக் கதவு சொந்த மாநிலத்திலேயே இருத்தல் நன்றென்பது மாநில முறையை ஆதரிப்போரின் வாதம். இதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நேர்மையாளனுக்குத் தடையாகாமலும் வஞ்சகனுக்கு வழியாகாமலும் ஒரு வேலியை அமைப்பது எளிய காரியமன்று. 30 நாள், 90 நாள் என்ற விதிகள் அவ்வேலியில் வைக்கப்பட்ட படலைகள். உரிய வேளையில் வருபவனுக்கு அவை திறந்திருக்கின்றன.

நம் தீவில் இவ்வளவு எல்லைகள் இல்லை. எனினும் தொழில் தேடிக் கடல் கடந்து செல்லும் நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஆசிரியராயினும் தாதியாயினும் முகவராயினும், செல்லும் இடத்தின் விதியைப் புறப்படுமுன் படித்துக்கொள்ளுங்கள். கையிலுள்ள தகுதியை அவசரப்பட்டுக் கைவிடாதீர்கள். கடிதங்களிலுள்ள திகதிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காக நடந்தோம் என்ற மனநிறைவு மட்டும் போதாது. எந்த ஒழுங்கில் நடக்க வேண்டுமென்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

என் மாணவர் பரீட்சையில் தேறிவிட்டார். புதிய மாநிலத்தில் அவர் விற்ற முதற் பத்திரம், அவரோடு பரீட்சை எழுதிய இளைஞன் ஒருவனின் தந்தையாருடைய வீட்டுக்கான தீக்காப்புறுதி என்று அண்மையில் எழுதியிருந்தார். “சேர், நாற்பத்தேழு வயதில் மீண்டும் பரீட்சைக்குப் படித்தபோதுதான், பதினொரு ஆண்டுகளாக நான் மறந்திருந்த பலவற்றை நினைவுகூர்ந்தேன்” என்பது அக்கடிதத்தின் இறுதி வாக்கியம். ஆசிரியன் ஒருவனுக்கு இதனினும் மகிழ்வூட்டும் செய்தி வேறு யாது?